சி டிரைவில் காணாமல் போன 83 ஜிபி எங்கே இருக்கும்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். 256 ஜிபி எஸ்எஸ்டி, 8 ஜிபி ராம், விண்டோஸ் 11 உள்ள வீட்டு லேப்டாப். சி டிரைவ் சிவந்துவிட்டது, 237 ஜிபியில் மிச்சம் 6 ஜிபி. ஆனால் சி டிரைவைத் திறந்து, கண்ட்ரோல்-ஏ அழுத்தி எல்லா ஃபோல்டர்களையும் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால் 148 ஜிபிதான் வருகிறது. மீதி 83 ஜிபி எங்கே? வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரை அழிக்கலாமா? கடைக்காரர் சொல்கிறபடி ஃபார்மேட் போட்டுவிடலாமா? மூன்று கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒரு கணக்குப் பிசகு. அதைச் சரிசெய்யாமல் கண்ணில் பட்டதை அழித்துக்கொண்டே போனால் 2 ஜிபி கிடைக்கும், அடுத்த வாரம் டிரைவ் மறுபடி சிவக்கும்.

256 எப்படி 237 ஆனது என்பதை முதலில் முடித்துவிடலாம். அது தொலைந்த இடமே இல்லை. எஸ்எஸ்டி தயாரிப்பவர்களுக்கு ஒரு ஜிபி என்பது நூறு கோடி பைட். விண்டோஸுக்கு அது 1024-ஐ மூன்று முறை பெருக்கினால் வருவது, அதாவது 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம். அதனால் பெட்டியில் 256 என்று இருப்பது திரையில் 238 ஆகிறது, 512 என்பது 476, ஒரு டிபி என்பது 931. மிச்சத்தில் பூட் ஆவதற்கான சிறு பார்ட்டிஷனும் ரெக்கவரி பார்ட்டிஷனும் கொஞ்சம் எடுத்துக்கொள்கின்றன. சில கம்பெனி லேப்டாப்புகளில் தயாரிப்பாளரின் ரெக்கவரி பார்ட்டிஷன் மட்டும் 10 முதல் 20 ஜிபி வரை போகும். உங்களுக்கு 237 காட்டுவதால் அப்படி எதுவும் இல்லை.

அடுத்தது கண்ட்ரோல்-ஏ கணக்கு. திரையில் தெரிவதை மட்டும்தான் அது தேர்ந்தெடுக்கும். சி டிரைவின் மேல்மட்டத்திலேயே ப்ரோகிராம்டேட்டா, சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன், ரீசைக்கிள் பின், பேஜ்ஃபைல்.சிஸ், ஹைபர்ஃபில்.சிஸ் எல்லாம் மறைந்திருக்கின்றன. 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' டிக் போட்டாலும் இவற்றில் பல வெளியே வராது; ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'ப்ரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற வரியின் டிக்கைத் தனியாக எடுக்க வேண்டும். இது போக, உங்கள் கணக்குக்கு அனுமதி இல்லாத ஃபோல்டர்களை எக்ஸ்ப்ளோரர் சத்தமில்லாமல் விட்டுவிடும். அதே லேப்டாப்பில் வீட்டில் இன்னொருவருக்குத் தனி லாகின் இருந்தால், அவருடைய படங்களும் வீடியோக்களும் உங்கள் 148-இல் சேர்ந்திருக்காது. இன்னொரு பக்கம், அந்த 148-லேயே இரட்டை எண்ணிக்கையும் கொஞ்சம் இருக்கிறது. ஏன் என்பதை வின்எஸ்எக்ஸ்எஸ் வரும்போது சொல்கிறேன். ஆகவே உண்மையான இடைவெளி 83-ஐ விடச் சற்று அதிகமாகவே இருக்கும்.

சரியாக அளக்க விஸ்ட்ரீ என்ற இலவச மென்பொருள் போதும். எக்ஸ்ப்ளோரர்போல ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்க்காமல், டிரைவின் ஃபைல் பட்டியலையே நேரடியாகப் படிப்பதால் சில நொடிகளில் முடித்துவிடும், அனுமதிச் சிக்கலும் வராது. வலது கிளிக் செய்து 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத்தான் திறக்க வேண்டும். சைஸ் பத்தியை விட்டுவிட்டு, டிரைவில் நிஜமாகப் பிடித்திருக்கும் இடத்தைக் காட்டும் 'அலகேட்டட்' பத்தியின்படி வரிசைப்படுத்துங்கள். அழிக்கும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது, அங்கே கை வைக்காதீர்கள். அளப்பதற்கு மட்டும் அது. மேலே வரும் பத்து வரிகளைப் பார்த்தாலே பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். அந்தப் பத்தில் வழக்கமாக யார் யார் வருவார்கள், யாரை என்ன செய்யலாம் என்பதுதான் இனி.

ஹைபர்ஃபில்.சிஸ் என்பது ஹைபர்னேட் ஆகும்போது ராமில் உள்ளதை எழுதிவைக்கும் ஃபைல். வழக்கமான அளவு ராமில் 40 சதவீதம், உங்களுக்கு 3.2 ஜிபி. ஹைபர்னேட் பயன்படுத்துவதே இல்லையென்றால் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்' கொடுத்தால் உடனே போய்விடும். (கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.) கூடவே, லேப்டாப்பை வேகமாகத் தொடங்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியும் போகும். எஸ்எஸ்டியில் அதனால் பெரிய இழப்பு இல்லை. வேண்டுமென்றால் '/எச் /டைப் ரெட்யூஸ்ட்' கொடுங்கள், ஃபைல் பாதியாகும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருக்கும், ஹைபர்னேட் மட்டும் போகும்.

பேஜ்ஃபைல்.சிஸ் வேறு கதை. ராம் போதாதபோது விண்டோஸ் இதில் எழுதும். அளவை விண்டோஸ் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில், ராமைப்போல மூன்று மடங்கு வரை அது வளரலாம், ஆனால் டிரைவில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாது. உங்களுக்கு மேல்வரம்பு 24 ஜிபி. பிரவுசரில் ஐம்பது டேப் திறந்து வைத்துவிட்டு வாரக்கணக்கில் லேப்டாப்பை மூடித் திறந்து மட்டும் ஓட்டினால் இது ஊதிப்போய் நிற்கும். ஷட்டவுன் இல்லை, 'ரீஸ்டார்ட்' கொடுத்துப் பாருங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தால் ஷட்டவுன் முழுமையான ஷட்டவுன் அல்ல. பேஜ்ஃபைலை அறவே எடுத்துவிடச் சொல்லும் யூடியூப் யோசனைகளைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 8 ஜிபி ராமில் அதை எடுத்தால் மென்பொருள்கள் சொல்லாமல் கொள்ளாமல் மூடும்.

சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்தான் பல நேரம் பெரிய திருடன். ரீஸ்டோர் பாயிண்ட்டுகளும் (ஏதாவது கெட்டால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப எடுத்து வைப்பவை), பேக்கப் மென்பொருள்கள் எடுத்து வைக்கும் ஷேடோ காப்பிகளும் (டிரைவின் அந்த நேரத்து நிலையின் பிரதிகள்) இதற்குள் இருக்கின்றன. சாதாரணமாக இதைத் திறக்கவே முடியாது, அளவு கேட்டால் பூஜ்யம் என்று சொல்லும். 'விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ஷேடோஸ்டோரேஜ்' என்று கொடுத்தால் எவ்வளவு எடுத்திருக்கிறது, எவ்வளவு வரை எடுக்கலாம் என்று இரண்டையும் காட்டும். மேல்வரம்பு 'அன்பவுண்டட்' என்று இருந்தால் குற்றவாளி கையும் களவுமாகக் கிடைத்த மாதிரி. பேக்கப் மென்பொருள் ஏதோ ஒன்று வரம்பை எடுத்துவிட்டிருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயிண்ட்' என்று தேடி, சி டிரைவைத் தேர்ந்தெடுத்து, 'கான்ஃபிகர்' அழுத்தி, ஸ்லைடரை 3 சதவீதத்துக்குக் குறையுங்கள். 237 ஜிபியில் அது 7 ஜிபி, ஓரிரு ரீஸ்டோர் பாயிண்ட்டுக்குத் தாராளம். வரம்பைக் குறைத்ததும் பழையவை தாமாக அழியும். முற்றிலும் நிறுத்திவிட வேண்டாம். டிரைவர் அப்டேட் சொதப்பும் அன்றைக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இனி விண்டோஸ் தானாகவே 'அழிக்கலாம்' என்று ஒப்புக்கொள்பவை. செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போங்கள். சமீபத்தில் பெரிய அப்டேட் ஏறியிருந்தால் 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டாலேஷன்' என்ற வரி 10 முதல் 30 ஜிபி காட்டும். அதுதான் விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டர். பழைய பதிப்புக்குத் திரும்ப வசதியாக 10 நாள் வைத்திருந்து விண்டோஸே அழித்துவிட வேண்டும், சில நேரம் அழிக்காமல் விட்டுவிடும். புதிய பதிப்பு ஒழுங்காக ஓடுகிறதென்றால் டிக் போட்டு அழியுங்கள். எக்ஸ்ப்ளோரரில் போய் கையால் அழிக்க முயன்றால் அனுமதிச் சண்டையில் பாதியில் நிற்கும். 'விண்டோஸ் அப்டேட் கிளீனப்', 'டெலிவரி ஆப்டிமைசேஷன்', தம்ப்நெயில்கள் எல்லாவற்றுக்கும் கவலையில்லாமல் டிக் போடலாம். கவனிக்க வேண்டியது ஒரே வரி, 'டவுன்லோட்ஸ்'. குப்பைகளோடு குப்பையாக அதே பட்டியலில் அது உட்கார்ந்திருக்கும். பலருக்கு மின்கட்டண ரசீது முதல் மார்க்‌ஷீட் ஸ்கேன் வரை எல்லாம் டவுன்லோட்ஸில்தான் இருக்கின்றன. அதில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு, பிறகு கையால் அளவுவாரியாக வரிசைப்படுத்தித் தனியாகப் பாருங்கள். எஸ்எஸ்டியில் அழித்ததை மீட்பது அநேகமாக நடக்காத காரியம், ஏனென்றால் அழித்த இடத்தை டிரைவே பின்னணியில் துடைத்துவிடுகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் வேலை செய்த ரெக்கவரி மென்பொருளை நம்பி இங்கே இறங்கக் கூடாது.

வின்எஸ்எக்ஸ்எஸ் விஷயத்துக்கு வருகிறேன். அழிக்கக் கூடாது. ஒரு ஃபைலைக்கூட. விண்டோஸின் எல்லாப் பாகங்களின் மூலப்பிரதிகளும் அங்கேதான் இருக்கின்றன. விண்டோஸின் முக்கிய ஃபைல்கள் இருக்கும் சிஸ்டம்32 ஃபோல்டரில் நீங்கள் பார்க்கும் ஃபைல்களில் பெரும்பாலானவை அதே ஃபைலுக்கு இரண்டாவது பெயர், ஹார்ட் லிங்க். ஒரு வீட்டுக்கு இரண்டு வாசல் இருந்தால் அது இரண்டு வீடு ஆகிவிடாது, ஆனால் எக்ஸ்ப்ளோரர் வாசலை எண்ணுகிறது. அதனால் அந்த ஃபோல்டர் காட்டும் 10, 12 ஜிபியில் கணிசமான பகுதி ஏற்கெனவே சிஸ்டம்32 கணக்கில் வந்த இடம்தான். மேலே சொன்ன இரட்டை எண்ணிக்கை இதுவே. உண்மை அளவு வேண்டுமென்றால் 'டிஸ்ம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /அனலைஸ்காம்பொனன்ட்ஸ்டோர்' என்று கொடுங்கள். எக்ஸ்ப்ளோரர் சொல்லும் அளவு, உண்மையான அளவு, விண்டோஸோடு பகிர்ந்தது எவ்வளவு, பழைய அப்டேட்டுகளின் பேக்கப் எவ்வளவு என்று பிரித்துக் காட்டிவிட்டு, கடைசியில் சுத்தம் செய்யப் பரிந்துரை உண்டா இல்லையா என்றும் சொல்லும். 'யெஸ்' என்றால் அதே கட்டளையில் கடைசிச் சொல்லை மாற்றி '/ஸ்டார்ட்காம்பொனன்ட்கிளீனப்' கொடுங்கள். பல நிமிடங்கள் ஒரே சதவீதத்தில் நிற்கும், பயந்து மூடிவிடாதீர்கள். இதோடு '/ரீசெட்பேஸ்' சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் அதுவரை ஏறிய அப்டேட்டுகளை அதன்பின் அன்இன்ஸ்டால் செய்ய முடியாது. சில நூறு எம்பிக்காக அந்தக் கதவை மூடுவது எனக்கு உசிதமாகப் படவில்லை.

இதே பாதுகாப்புக்கு உரிய இன்னொன்று விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'இன்ஸ்டாலர்'. மென்பொருளை நிறுவிய மூல ஃபைல்கள் என்பதால் வேலை முடிந்துவிட்டது என்று தோன்றும். அழித்த அன்று எதுவும் ஆகாது. ஆறு மாதம் கழித்து ஆபீஸையோ அடோபியையோ அப்டேட் செய்யப் போனால், அன்இன்ஸ்டால்கூட ஆகாமல் நடுவில் தொங்கும்.

நாளுக்கு நாள் இடம் குறைந்துகொண்டே போகிறது, நீங்கள் எதையும் சேர்க்கவில்லை என்றால் அது வேறு வகை நோய். எங்கோ ஒரு லாக் ஃபைல் வளர்கிறது. விண்டோஸ் 7 காலத்தில் இதற்குப் பேர்போன உதாரணம் உண்டு. அப்டேட் வேலைகளைப் பதிவு செய்யும் சிபிஎஸ் லாக் 2 ஜிபியைத் தாண்டினால், அதைச் சுருக்க முயலும் கருவி தோற்றுப்போய், பாதி முடிந்த ஃபைலை விண்டோஸின் டெம்ப் ஃபோல்டரில் 'கேப்' என்று தொடங்கும் பெயரில் விட்டுவிடும். மறுபடி முயலும், மறுபடி விட்டுவிடும், டிரைவ் நிரம்பும்வரை. அந்த டெம்ப் ஃபைல்களை மட்டும் அழித்தால் திரும்ப முளைக்கும். 'விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர்' சர்வீஸை நிறுத்திவிட்டு, லாக்ஸ் ஃபோல்டருக்குள் சிபிஎஸ்ஸில் இருக்கும் அந்தப் பெரிய பழைய லாக்கையும் சேர்த்து அழித்தால்தான் தீரும். உங்கள் லேப்டாப்பில் இதேதான் என்று சொல்ல வரவில்லை. விஸ்ட்ரீயில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் டெம்ப், லாக்ஸ் இரண்டும் ஜிபிக் கணக்கில் வந்தால் சந்தேகப்பட வேண்டும். விண்டோஸ் ஃபோல்டரிலேயே மெமரி.டிஎம்பி என்று ஒரு ஃபைல் இருக்கலாம். நீலத் திரை வந்தபோது எழுதப்பட்டது, ஆராய ஆள் இல்லையென்றால் அழிக்கலாம்.

இனி மறைந்திருக்கும் உங்கள் சொந்தச் சாமான்கள். ப்ரோகிராம்டேட்டா ஃபோல்டர் கண்ட்ரோல்-ஏ கணக்கில் வரவே இல்லை என்பதை மறக்காதீர்கள். புளூஸ்டாக்ஸ் போன்ற ஆண்ட்ராய்டு எமுலேட்டரில் (போன் ஆப்களைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) யாராவது விளையாடினால் அதன் டிஸ்க் ஃபைல் அங்கேதான் உட்கார்ந்திருக்கும், 20 ஜிபி என்பது ஆச்சரியமில்லை. உள்ளே விளையாட்டை நீக்கினாலும் வெளியே அந்த ஃபைல் தானாகச் சுருங்காது. யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா இன்னொரு சுரங்கம். ஐபோனைக் கணினியோடு இணைத்து பேக்கப் எடுத்திருந்தால் 'மொபைல்சிங்க்' என்ற ஃபோல்டர் ஒரு போனுக்கே 30, 60 ஜிபி போகும். அதை ஐடியூன்ஸ் அல்லது ஆப்பிள் டிவைசஸ் மென்பொருளுக்குள் போய் நீக்குங்கள், அதற்கு முன் போன் ஐகிளவுடிலோ வேறெங்கோ பேக்கப் ஆகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டெலிகிராம் டெஸ்க்டாப்பில் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, 'மேனேஜ் லோக்கல் ஸ்டோரேஜ்' என்று போனால் கேஷைத் துடைத்து வரம்பும் வைக்கலாம். படங்கள் சர்வரில் இருப்பதால் இழப்பு இல்லை. வாட்ஸ்அப் அப்படியில்லை, குடும்ப குரூப்பின் குட்மார்னிங் வீடியோக்களோடு நிஜமாகவே வேண்டிய ஃபைலும் கலந்திருக்கும். பெரியவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

ஒன்டிரைவ் இயங்கினால் ஒரு எச்சரிக்கை. இடம் வேண்டும் என்று ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் ஃபைலை டெலீட் செய்தால் கிளவுடிலிருந்தும் போகும், போனில் உள்ள ஒன்டிரைவிலிருந்தும் போகும். அங்கே செய்ய வேண்டியது வலது கிளிக், 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்'. பச்சை டிக் மறைந்து மேகக் குறி வந்தால் ஃபைல் கிளவுடில் மட்டும் இருக்கிறது என்று பொருள். அப்போது ப்ராப்பர்ட்டீஸில் 'சைஸ்' பழையபடியே இருக்கும், 'சைஸ் ஆன் டிஸ்க்' பூஜ்யமாகும். இரண்டாவது எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

சில்லறை விஷயங்களைச் சீக்கிரம் முடிக்கிறேன். 'ரிசர்வ்டு ஸ்டோரேஜ்' என்று விண்டோஸ் சுமார் 7 ஜிபியை அப்டேட்டுக்காகப் பிடித்து வைத்திருக்கும், அதை விட்டுவிடுங்கள், அப்டேட் நடுவழியில் நிற்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. ரெஜிஸ்ட்ரி கிளீனர்கள் ஒரு எம்பிகூட உருப்படியாகத் தராது, கெடுக்க மட்டும் தெரியும். அளந்ததிலும் கணக்கு இடித்தால், ஃபைல் சிஸ்டத்திலேயே பிழை இருக்கலாம். 'செக்டிஸ்க் சி: /ஸ்கேன்' என்று (சி-எச்-கே-டி-எஸ்-கே என்று எழுத்துக்கூட்டி) கொடுத்தால் விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்த்துச் சொல்லும். பிழை என்று வந்தால் திருத்துவதற்கு முன் முக்கியமானவற்றை வெளி டிரைவில் எடுத்து வையுங்கள். சாகப்போகும் டிரைவிலும் முதல் அறிகுறி இப்படித்தான் வரும்.

டி டிரைவிலிருந்து இடத்தை வாங்கி சி-யில் சேர்க்கலாமா என்பதும் இந்த இடத்தில் எல்லோருக்கும் எழும் கேள்வி. உங்களுக்கு ஒரே டிரைவ் என்பதால் பொருந்தாது. இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டி-யைச் சுருக்கினால் காலி இடம் டி-க்கு வலப்பக்கம் விழும், சி-க்கு அது எட்டாது. அதனால்தான் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாகவே இருக்கிறது. சி-யை ஒட்டி வலப்பக்கத்தில் காலி இடம் இருந்தால் மட்டுமே அது வேலை செய்யும், நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் நின்றாலும் மறித்துவிடும். பார்ட்டிஷனை நகர்த்தும் மென்பொருள்கள் உண்டு. தொடுமுன் பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, ரெக்கவரி கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஃபார்மேட். உங்கள் லேப்டாப்பைப் பார்க்காமல் 83 ஜிபியில் யாருக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் 3.2 ஜிபி ஹைபர்ஃபில், அதிகபட்சம் 24 ஜிபி பேஜ்ஃபைல் போக, மீதியில் பெரும்பகுதி ரீஸ்டோர் பாயிண்ட், ப்ரோகிராம்டேட்டா, அனுமதி இல்லாத இன்னொரு யூசர் ஃபோல்டர் இந்த மூன்றுக்குள்தான் இருக்கும் என்பது என் ஊகம். இவற்றில் எதற்கும் ஃபார்மேட் தேவையில்லை. போட்டால் இடம் கிடைக்கும், உண்மைதான். எமுலேட்டரையும் பேக்கப் மென்பொருளையும் திரும்ப ஏற்றியதும் பழைய நிலைக்கே வரும். முதலில் ஒரு ரீஸ்டார்ட், பிறகு விஸ்ட்ரீ, பிறகு ஷேடோஸ்டோரேஜ் கட்டளை, இந்த வரிசையில் செய்து 35 ஜிபியாவது காலியாக இருக்கும்படி நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே போனால் எஸ்எஸ்டி எழுதும் வேகமும் குறையும். எல்லாம் செய்தும் உங்கள் சொந்த ஃபைல்களே 180 ஜிபி என்று தெரிந்தால், 512 ஜிபிக்கு மாறுவதுதான் வழி. வாங்குவதற்கு முன் பின்மூடியைத் திறந்து, இருப்பது சாட்டாவா என்விஎம்ஈயா (எஸ்எஸ்டி இணையும் இரண்டு வகைகள்), நீளம் 2280-ஆ 2242-ஆ (80 மி.மீ. அல்லது 42 மி.மீ.), போர்டோடு சால்டர் செய்துவிட்டார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.